இணைப்பு எது, சுட்டி எது?

"இணைப்பு 25 எம்பிக்கு மேல் இருந்தால் இணைப்பாக அனுப்பப்படும்." ஜிமெயில் வசதிகளை விளக்கும் தமிழ்ப் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் போன வாரம் படித்த வரி. முதல் இணைப்பு அட்டாச்மென்ட், இரண்டாவது லிங்க். இதைப் படித்துப் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் என்னதான் புரிந்துகொள்வார்?

இணை என்றால் சோடி. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து அனுப்புவது இணைப்பு. நம் அரசுக் கடிதங்களில் மேலே 'பார்வை', கீழே 'இணைப்பு' என்று போடுவது மின்னஞ்சலுக்கு முந்தைய பழக்கம். 1992-இல் மின்னஞ்சலோடு கோப்பு அனுப்ப வழிசெய்யும் மைம் என்ற நெறிமுறை வந்தபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நத்தானியேல் போரன்ஸ்டைன் தம் பாட்டுக் குழுவின் படத்தை மடலோடு சேர்த்து அனுப்பினார். அந்த முறையில் கோப்பு எழுத்துகளாக மாறி மடலுக்குள்ளேயே தைக்கப்படுகிறது; மூன்று பைட் நான்காகிப் பருத்தும் விடுகிறது. பெயருக்கேற்ற இணைப்பு!

லிங்க் அப்படியா? கோப்பு மடலோடு வருவதே இல்லை. எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. மடலில் இருப்பது அந்த இடத்தைக் காட்டும் ஒரு வரி. காட்டுவதற்குத் தமிழில் பெயர் சுட்டு. அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆகவே அது சுட்டி.

'தொடுப்பு' என்பார்கள் சிலர். எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் "அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு" என்றால் வீட்டில் சண்டை என்று பொருள். அத்தையிடம் போய் "தொடுப்பு அனுப்பியிருக்கேன்" என்று யார் சொல்வது? 'உரலி' இணைய முகவரிக்கு, அதாவது யூஆர்எல்லுக்கு (URL), வைத்த பெயர். ஆங்கில ஒலியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உரல்தான் நினைவுக்கு வருகிறது. சுட்டி என்றால் மவுஸ் ஆயிற்றே என்பது இன்னொரு மறுப்பு. மவுஸை மவுஸ் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சுட்டி சும்மா இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்கு ஓய்வூதியப் படிவம் அனுப்பி, "இணைப்பைப் பாருங்க" என்று எழுதினேன். உடனே போன். "நெட் நல்லாத்தான்டா இருக்கு, ஒண்ணும் வரலையே." அவருக்கு இணைப்பு என்றால் மாதாமாதம் பணம் கட்டும் இணைய இணைப்பு. ஒரே சொல்லை மூன்று வேலைக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும்.

"தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள்" என்று எச்சரிக்கிறார்கள். எதை? இணைப்பைத் திறந்தால் வைரஸ் இறங்கலாம். சுட்டியை அழுத்தினால் போலிப் பக்கம் வந்து கடவுச்சொல்லைக் கேட்கலாம். ஆபத்து வேறு, காப்பு வேறு. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். மடலில் கோப்பு சேர்க்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த வரியை நான் எழுதினால்: "இணைப்பு 25 எம்பிக்கு மேல் போனால், கோப்பு கூகுள் டிரைவில் ஏறிக்கொள்ளும், மடலில் அதன் சுட்டி மட்டும் போகும்."