சாலிடாரிட்டி என்னும் பிணை

விமானிகளின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இழுபறியாகும்போதெல்லாம் செய்திகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: ‘விமானப் பணிப்பெண்கள் சங்கமும் பராமரிப்புத் தொழிலாளர் சங்கமும் விமானிகளுக்கு ஒருமைப்பாட்டைத் தெரிவித்துள்ளன.’ ஆங்கில மூலத்தில் ‘சாலிடாரிட்டி’ என்றிருப்பதைத்தான் ‘ஒருமைப்பாடு’ என்று எழுதுகிறோம். அந்தப் பெயர்ச்சொல்லைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தொடர்ந்து வரும் வினைதான் உறுத்துகிறது. இரங்கல் தெரிவிக்கலாம், வாழ்த்துத் தெரிவிக்கலாம். சாலிடாரிட்டியைத் தெரிவிக்க முடியுமா என்பது அச்சொல் வந்த வழியைப் பார்த்தால்தான் விளங்கும்.

இலத்தீனில் ‘சோலிடுஸ்’ என்றால் முழுமையானது, திண்மையானது என்று பொருள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட பொற்காசுக்கும் அதுவே பெயர். அந்தக் காசின் பெயரிலிருந்து கூலியைக் குறிக்கும் சொல்லும், கூலி வாங்கிப் போரிடுபவனைக் குறிக்கும் ‘சோல்ஜர்’ என்ற சொல்லும் கிளைத்தன. ஆனால் சாலிடாரிட்டி படைமுகாமிலிருந்து வரவில்லை, கடன் பத்திரத்திலிருந்து வந்தது. ரோமச் சட்டத்தில் ‘இன் சோலிடும்’ என்பது ஒருவகைக் கூட்டுக் கடப்பாடு. மூவர் சேர்ந்து கடன் வாங்கினால் ஆளுக்கு மூன்றிலொரு பங்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. கடன் கொடுத்தவர் மூவரில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுத்தொகையையும் கேட்கலாம். நம்முடைய பத்திரங்களில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று எழுதுகிறார்களே, அதுவேதான். பிரெஞ்சுச் சட்டமொழி இதை எடுத்துக்கொண்டது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பில் இத்தகைய கடனாளிகள் ‘சோலிடேர்’ என்று குறிக்கப்பட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் இந்தச் சட்டச்சொல்லைச் சமூகத்தின்மீது ஏற்றினார்கள். 1840களில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1893இல் அதை இரண்டாகப் பகுத்தார்: ஒரே மாதிரி வாழ்வோரிடையே ஒப்புமையால் வரும் பிணைப்பு ஒன்று, வெவ்வேறு வேலை செய்வோர் ஒருவரின்றி மற்றவர் இயங்க முடியாத நிலையால் வரும் பிணைப்பு மற்றொன்று. விமானியும் விமானியும் சேர்வது முதல்வகை என்றால், விமானியும் மெக்கானிக்கும் சேர்வது இரண்டாம் வகை. 1980 ஆகஸ்டில் போலந்தின் கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் அன்னா வாலென்டினோவிச் என்ற பாரந்தூக்கி இயக்குநர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது தளம் முழுவதும் வேலையை நிறுத்தியது. அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்த தொழிற்சங்கம் இச்சொல்லையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. ஒருவருடைய கடனை எல்லாரும் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது என்பதால், பெயர் அதன் பழைய சட்டப்பொருளிலிருந்து அதிகம் விலகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

விமானத்துறையில் இப்பொருள் எவ்வளவு கறாராக நிற்கிறது என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு நல்ல சான்று. அங்கே விமான நிறுவனத் தொழிலாளர்கள் 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். 1936இல் அது விமானத்துறைக்கும் விரிவாக்கப்பட்டது. அச்சட்டப்படி ஓர் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திருத்தத்துக்குரியதாக மாறும் நாள் ஒன்று உண்டு, அவ்வளவுதான். அதன்பின் நேரடிப் பேச்சு, தேசிய மத்தியஸ்த வாரியத்தின் மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்புக்கான அழைப்பு, அதை ஒரு தரப்பு மறுத்தால் 30 நாள் தணிவுக்காலம் என்று படிகள் நீள்வதால், வேலைநிறுத்த உரிமை கைக்கு வருவதற்குள் சில ஆண்டுகளே கழிந்துவிடலாம். அவ்வளவு காலமும் விமானிகளால் செய்ய முடிந்தது, விடுப்பு நாளில் சீருடையோடு வந்து முனையத்தின் வாசலில் பதாகை ஏந்தி நிற்பதைப் போன்ற செயல்கள்தான். அந்த வரிசையில் மற்றச் சங்கத்தாரும் வந்து நிற்பதைத்தான் செய்தியாளர்கள் ‘ஒருமைப்பாடு தெரிவித்தனர்’ என்று எழுதுகிறார்கள். இந்த அளவுக்கு அந்த வினை தவறில்லை. இதுவரை யாருக்கும் ஒரு காசும் செலவாகவில்லை.

செலவு தொடங்கும் இடத்தில்தான் சொல்லின் உண்மைப்பொருள் வெளிப்படுகிறது. 1985 மே மாதத்தில் தொடங்கி யுனைடெட் விமான நிறுவனத்தின் விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, புதிதாகச் சேர்வோருக்குக் குறைந்த ஊதியப் படிநிலை வகுப்பது பற்றியதே முதன்மையான பூசலாக இருந்தது. அதாவது, இன்னும் வேலைக்கே வராதவர்களுக்காகப் பணியிலிருந்தவர்கள் ஊதியத்தை இழந்தார்கள். நிறுவனம் புதிதாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்திருந்த சுமார் 570 பேரில் மிகப் பெரும்பாலோர், ஒப்பந்தம் தங்களை எந்த வகையிலும் கட்டாத நிலையிலும், பறக்க மறுத்தனர். விமானப் பணிப்பெண்கள் பலரும் மறியல் வரிசையைத் தாண்டவில்லை. யாருடைய பங்கு எவ்வளவு என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. இன் சோலிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் சட்டநூலில்கூடக் கிடைக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. 1981இல் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தபோது, விமானிகள் தொடர்ந்து பறந்தார்கள். அனுதாபம் கொண்ட விமானிகள் அப்போது இல்லாமலிருந்திருக்க மாட்டார்கள். அனுதாபத்துக்குப் பெயர் சாலிடாரிட்டி அன்று.

இனித் தமிழுக்கு வருவோம். ‘ஒற்றுமை’ எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் ‘ஒற்றுமை வேற்றுமை’ என்னும்போது அது ஒப்புமையைக் குறிக்கிறது, சங்க முழக்கத்தில் சண்டையின்மையைக் குறிக்கிறது. துர்க்கைமின் முதல்வகைக்கு அது போதும். வேலையும் ஊதியமும் சங்கமும் வேறாயிருந்தும் சேர்ந்து நிற்பதை அது சுட்டவில்லை. ‘ஐக்கியம்’ இரண்டு ஒன்றாகிவிடுவது. விமானிகள் சங்கமும் மெக்கானிக்குகள் சங்கமும் ஒன்றாவதில்லை, தனித்தனியாக இருந்துகொண்டேதான் கைகோக்கின்றன. ‘ஒருமைப்பாடு’ இடதுசாரி எழுத்துகளில் நெடுநாளாக வழங்குவதால் அதற்கு ஒரு மரபுரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. இருப்பினும் ‘தேசிய ஒருமைப்பாடு’ என்ற தொடர் அச்சொல்லை அரசாணைக்கும் பள்ளி உறுதிமொழிக்கும் உரியதாக்கிவிட்டது. இவற்றுள் ‘தோழமை’தான் எனக்குப் பிடித்தது, ‘தோழமைச் சங்கம்’ என்பதில் வேறுபாடும் நெருக்கமும் ஒருங்கே தெரிகின்றன. ஆனால் தோழமை ஓர் உறவு. அதற்குள் கடப்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கடப்பாட்டைச் சொல்லும் வேர் தமிழிலேயே இருக்கிறது. ‘பிணை’ என்பது கட்டுதல், ஒன்றோடொன்று பின்னுதல். அதுவே மற்றொருவருக்காகப் பொறுப்பேற்பதையும் குறிக்கும். பேச்சுவழக்கில் ‘ஜாமீன் நிற்பது’ என்கிறோம்; யாரும் ‘ஜாமீன் தெரிவிப்பது’ இல்லை. இதற்கு இணையாகப் ‘புணை’ என்றொரு சொல்லும் உண்டு. அது தெப்பத்தையும் குறிக்கும், ஈட்டையும் குறிக்கும். சினம் ‘இனமென்னும் ஏமப் புணையைச்’ சுடும் என்கிறது 306ஆம் குறள். உடன் இருப்போரையே கரைசேர்க்கும் தெப்பமாகப் பார்த்த அந்தத் தொடர் நம் பொருளுக்கு வெகு அருகில் வருகிறது. புணை இன்று வழக்கிழந்துவிட்டதால், வாழும் சொல்லாகிய பிணையை வைத்து ‘உடன்பிணை’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. சங்கங்கள் உடன்பிணை நிற்கும், உடன்பிணை ஏற்கும், உடன்பிணையிலிருந்து விலகும். ‘ஆதரவு வேலைநிறுத்தம்’ என்ற தொடர் ஏற்கெனவே நன்றாக வழங்குவதால் அதை மாற்ற வேண்டியதில்லை.

பிணை என்றதும் நீதிமன்றமும் பிணைக்கைதியும் நினைவுக்கு வருகின்றனவே என்று ஒருவர் கேட்கக்கூடும். வரட்டும், மூலச்சொல்லே கடன்காரனின் வாசலிலிருந்துதான் வந்தது. உடன்பிணை நிற்பவர் ஓரளவுக்குத் தம்மைக் கைதியாகவே ஒப்படைக்கிறார் என்பதும் பொய்யில்லை. ஆகவேதான் பல ஒப்பந்தங்களில் பிற சங்கத்தின் மறியல் வரிசையை மதித்து வேலைக்கு வராமலிருக்கும் உரிமை உண்டா, இல்லையா என்பதே தனிப்பிரிவாகப் பேசப்படுகிறது. நிர்வாகம் அதை நீக்கவும் சங்கம் அதைக் காக்கவும் முயல்கின்றன.

இச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமைத்துப் பார்க்கலாம். ‘1989 மார்ச் 4 அன்று ஈஸ்டர்ன் விமான நிறுவனத்தின் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, விமானிகளும் விமானப் பணிப்பெண்களும் உடன்பிணை நின்றனர், அவ்வாண்டு நவம்பரில் அவ்விரு சங்கங்களும் உடன்பிணையிலிருந்து விலகின, மெக்கானிக்குகள் மட்டும், 1991 ஜனவரியில் நிறுவனமே பறப்பதை நிறுத்தும்வரை, மறியலில் நின்றனர்.’ இதே வாக்கியத்தில் ‘ஒருமைப்பாடு தெரிவித்தனர்’ என்று போட்டால், நவம்பரில் அவர்கள் எதிலிருந்து விலகினார்கள் என்று எழுத வழியில்லை.