டின்னுக்குள் பழசாகும் பீர்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். கோலாலம்பூரில் அவர் குடித்த கிராஃப்ட் பீரில் (சிறு ஆலைகள் தயாரிக்கும் பீர்) மாம்பழமும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வாசம் இருந்ததாம். அதே பீரை ஊரில் சாமான் கடையில் டின்னாக வாங்கினால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்ததாம். காலாவதித் தேதிக்கு இன்னும் பல மாதம் இருக்கிறதே, இது கலப்படமா என்கிறார்.

கலப்படமாக இருக்காது. கடை அலமாரியில் வெக்கையில் நின்று நின்று பீர் பழசாகியிருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, பழசாவது என்றதும் கள்தான் நினைவுக்கு வரும். காலையில் இறக்கிய தென்னங்கள் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், அப்புறம் காடியாகும். அது முழுக்க ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செய்கிற வேலை. பீரின் கதை வேறு. கொதிக்கவைத்து, கசப்பும் வாசமும் தரும் ஹாப் என்ற கொடியின் பூவைச் சேர்த்து, 4.5க்குப் பக்கத்தில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) உள்ள அந்தத் திரவத்தில் நோய்க்கிருமிகள் வளர முடியாது. அதனால் பழைய பீர் பொதுவாக உடம்பைக் கெடுக்காது. ஆனால் நுண்ணுயிர் எதுவும் வேலை செய்யாத டின்னுக்குள்ளும் வேதிவினைகள் ஓய்வதில்லை.

முதலில் போவது பழவாசம். அது ஹாப் பூவின் எண்ணெய்களிலிருந்து வருவது. அவற்றில் ஒன்றான மிர்சீன் மாம்பழத்திலும் உண்டு. டின்னை அடைக்கும்போது உள்ளே தங்கிவிடும் துளி ஆக்சிஜனே அந்த வாசத்தை மங்கவைக்கப் போதும்.

சரி, அட்டை வாடை எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த வாடைக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது டிரான்ஸ்-2-நோனெனல் என்ற மூலக்கூறு. 10 லட்சம் லிட்டர் பீரில் வெறும் 0.1 கிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அதன் பிறப்பு டின்னில் அடைப்பதற்கு வெகுநாள் முன்பே, ஆலையில் நடக்கிறது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது, பார்லியிலுள்ள லினோலிக் அமிலத்தில் ஒரு நொதி ஆக்சிஜனைக் கொண்டுபோய் ஒட்டுகிறது. 18 கரிம அணுக்கள் கொண்ட அந்தச் சங்கிலி பிறகு நடுவில் உடைகிறது. கிடைக்கும் 9 அணுத் துண்டுதான் நோனெனல்.

ஈஸ்ட் அதைச் சும்மா விடுவதில்லை. தனியாக மிதக்கும் நோனெனலை நொதித்தலின்போது வாடையில்லாத வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆனால் ஒரு பகுதி அதற்கு முன்பே புரதங்களோடும் அமினோ அமிலங்களோடும் பிணைந்துகொள்கிறது. பிணைந்ததை ஈஸ்ட்டால் தொட முடியாது, நம் மூக்குக்கும் தெரியாது. இப்படி ஒளிந்தபடியே அது டின்னுக்குள் வந்துவிடுகிறது. பீரின் அமிலத்தில், வெப்பம் ஏற ஏற, அந்தப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று நோனெனல் வெளியே வருகிறது. ஆலையை விட்டுக் கிளம்பும் புத்தம்புது பீருக்குள்ளேயே அதன் முதுமை காத்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். நடுவயதுக்கு மேல் மனிதத் தோலில் வரும் ஒருவித வாசத்திலும் இதே நோனெனலைக் கண்டிருக்கிறார்கள்.

லினோலிக் அமிலத்தில் ஆக்சிஜனை ஒட்டும் அந்த நொதியே இல்லாத பார்லி ரகங்களைக் கார்ல்ஸ்பெர்க், சப்போரோ பீர் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம் 1875இல் தொடங்கியது. மேலே சொன்ன பிஎச் அளவையே 1909இல் அங்கேதான் சோரன்சன் என்ற வேதியியலாளர் உலகத்துக்குத் தந்தார். நம் நாட்டிலும் 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வந்தது. ஒரு தொழிலில் வரும் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தொழிலின் அறிவியலுக்குப் போயே ஆகவேண்டும், உடனே லாபம் தராவிட்டாலும் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெப்பத்துக்கு வருவோம். பீர்க்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பழசாக்கும். நம் ஊர்ப் பகல் வெக்கை 32ஐச் சாதாரணமாகத் தொடும். வாசகரின் டின் எத்தனை வாரம் அலமாரியில் நின்றதோ!

குளிர்ந்த பீரை வெளியே எடுத்துச் சூடேறவிட்டு மறுபடி ஐஸ் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அதில் உண்மையில்லை. குளிரும் சூடும் மாறி மாறி வருவதால் எதுவும் ஆகாது. மொத்தம் எவ்வளவு நேரம் வெக்கையில் கிடந்தது என்பதுதான் கணக்கு. வெளிச்சம் இன்னொரு எதிரி. பச்சை, வெள்ளைப் பாட்டில்களுக்குள் அது நுழைந்து, ஹாப்பின் கசப்புப் பொருளை உடைத்து, நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும், டின் முழுக்கத் தடுக்கும்.

வாசகர் அடுத்த முறை டின்னின் அடியைத் திருப்பி, அடைத்த தேதி இருக்கிறதா என்று பார்க்கட்டும். காலாவதித் தேதியைவிட அதுவே பயன்படும். ஹாப் தூக்கலான பீர் என்றால் ஐஸ் பெட்டிக்குள் இருந்ததை மட்டும் வாங்கலாம். ஆல்கஹால் அதிகமுள்ள கறுப்பு ஸ்டவுட்டுக்கு இந்த அவசரம் தேவையில்லை. ஆக்சிஜன் அதில் உலர்திராட்சை போன்ற சுவையைக் கொண்டுவரும் என்பதால், அதை வேண்டுமென்றே குளிர்ச்சியான இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள்.