பேட்ச் போட்டாயிற்று, கெர்னல் மாறியதா?

2019 ஜூன் 17 அன்று வெளியான சிவிஇ-2019-11477 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) எச்சரிக்கையைச் சர்வர் பராமரிப்பில் இருப்பவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ஜோனதன் லூனி கண்டறிந்த இந்தப் பிழை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2009ஆம் ஆண்டு வந்த 2.6.29 பதிப்பிலிருந்தே இருந்துவந்தது. கடவுச்சொல்லும் வேண்டாம், உள்நுழையவும் வேண்டாம். கணினிகள் தரவைப் பரிமாறும் நெறிமுறையான டிசிபிக்குத் திறந்திருக்கும் ஒரு போர்ட் (இணைப்பு வாயில்) இருந்தால், வெளியிலிருந்தே பாக்கெட்டுகளை (தரவுப் பொட்டலங்களை) அனுப்பிச் சர்வரை முடக்கிவிடலாம்.

டிசிபியில் ‘சாக்’ என்றொரு வசதி உண்டு. அனுப்பியவற்றில் எவை வந்து சேர்ந்தன என்பதைப் பெறும் கணினி தெரிவிக்க, விடுபட்டவற்றை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். அந்தத் தகவல் வரும்போது, வரிசையில் இருக்கும் பஃபர்களை, அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களை, கெர்னல் ஒன்றோடொன்று சேர்க்கிறது. ஒரு பஃபரில் 17 பகுதிகள்; எக்ஸ்86 கணினிகளில் பகுதிக்கு 32 கேபி வரை கொள்ளும். தாக்குபவர் எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு துண்டின் உச்ச அளவை, 48 பைட் என்று குறுக்கிவிட்டால், டிசிபியின் கூடுதல் தலைப்புக்கு 40 போக, தரவுக்கு எஞ்சுவது வெறும் 8 பைட். நிரம்பிய ஒரு பஃபருக்குக் கணக்குப் போட்டால் 69,632 துண்டுகள் வரும். அந்த எண்ணிக்கையை வைத்திருக்கும் 16 பிட் இடமோ 65,535க்கு மேல் கொள்ளாது. கணக்குப் பொய்த்ததைக் கெர்னலின் சோதனை வரி ஒன்று கண்டுகொள்ள, ‘பேனிக்’ ஆகி எல்லாம் நின்றுவிடுகிறது. தரவு எதுவும் திருட்டுப் போவதில்லை. அதனாலேயே இவ்வகைப் பிழைகளை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பலர் தள்ளிவைக்கிறார்கள்.

சாக் வசதியைத் தற்காலிகமாக அணைத்துவைக்கலாம். பாக்கெட் தொலையும் இணைப்புகளில் வேகம் குறையும், அவ்வளவுதான். நிலையான தீர்வு 4.19.52, 5.1.11 முதலிய திருத்தப்பட்ட கெர்னல்கள்தான்.

அப்போது நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் ஆறு சர்வர்களிலும் அப்டேட் முடிந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது. ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், ஆறிலும் ஓடிக்கொண்டிருந்தது பழைய கெர்னலே. புதியது வட்டில் இறங்கியிருந்ததே தவிர, அதை ஓடவைக்கத் தேவையான ரீபூட்டை ஓராண்டுக்கும் மேலாக யாரும் செய்யவில்லை. நீண்ட அப்டைமை (ரீபூட் இல்லாமல் ஓடும் காலத்தை) பெருமையாகச் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு; என்னைக் கேட்டால், ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச் வசதி இல்லாத இடத்தில் அது இத்தனை நாள் கெர்னல் திருத்தம் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை என்பதற்கான சான்று.

அன்றிரவு ஒவ்வொன்றாக ரீபூட் செய்தோம். ஐந்து எழுந்தன. ஆறாவதில், எப்போதோ கழற்றிய வட்டு ஒன்றின் வரி, தொடக்கத்தில் இணைக்கவேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் அப்படியே கிடந்ததால், அது பாதியில் நின்று ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல்லைக் கேட்டது. அதை அறிந்தவர் விடுப்பில் இருந்தார்.