அழுகிய தண்ணீரின் கணக்கு

தாய்லாந்துத் தொலைக்காட்சியில் இரவு நேரத்தை ஆளும் தொடர் நாடகத்துக்கு 'லக்கோன்' என்று பெயர். அதை விடாமல் பார்க்கிற மக்களே வைத்திருக்கும் வசைப்பெயர் 'நாம் நாவ்', அதாவது அழுகிய தண்ணீர். ஏழை நாயகி, திமிர் பிடித்த பணக்கார நாயகன், அவனை அடையத் துடிக்கும் வில்லி, மருமகளை ஏற்காத மாமியார்: தொடர் மாறினாலும் திரும்பத் திரும்ப இவர்களேதான். கன்னத்தில் அறைவதில் தொடங்கி முத்தத்தில் முடியும் காதலுக்கு 'தொப் சூப்' என்று தனிப்பெயரே உண்டு.

எழுதுபவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு கணக்கில் இருக்கிறது.

1952இல் அமெரிக்கப் பொருளியலாளர் பீட்டர் ஸ்டைனர் வானொலி நிலையங்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். நூறு பேரில் எண்பது பேருக்கு வழக்கமான காதல் கதை வேண்டும், இருபது பேருக்கு வேறு ஏதாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வகைக் கதையைத் தரும் சேனல்கள் பார்வையாளர்களைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டு சேனல்கள் இருந்தால் இரண்டும் காதல் கதையையே போடும். ஆளுக்கு நாற்பது கிடைக்கும்போது இருபதை யார் தேடிப் போவார்? மூன்றாவது சேனலும் அதையே செய்யும். ஐந்தாவதாக வருகிறவருக்குத்தான் எண்பதில் பங்கு பதினாறாகச் சுருங்கி, அந்த இருபது பேர் கண்ணில் படுவார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு சேனலுக்கும் ஒரே முதலாளி இருந்தால் அவர் முதல் நாளே இரண்டு வகையும் தருவார். தன் கடைக்கு எதிரே தானே கடை போட யாருக்கும் மனம் வராது.

தாய்லாந்தில் பல்லாண்டுகளாக லக்கோன் சந்தை, 1967இல் தொடங்கிய சேனல் 7, 1970இல் தொடங்கிய சேனல் 3 என்ற இரண்டு பெரிய கடைகளுக்குள்தான் இருந்தது. நட்சத்திரங்களும் ஏதாவது ஒரு சேனலின் ஒப்பந்தத்துக்குள் இருந்தார்கள். புதுக்கதை ஓடுமா என்று யாருக்கும் தெரியாது; ஒருமுறை ஓடிய நாவல் மறுபடியும் ஓடும் என்று விளம்பரதாரரை நம்பவைக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜப்பானிய அதிகாரிக்கும் தாய்லாந்துப் பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் 'கூ கம்' நாவல் 1970இல் தொலைக்காட்சிக்கு வந்தது. பிறகு 1990, 2004, 2013 ஆண்டுகளிலும் வந்தது. (1970இல் அந்த அதிகாரியாக நடித்தவர், பின்னாளில் ஆணுறைப் பிரச்சாரத்தால் உலகப் புகழ் பெற்ற மீச்சாய் வீரவைத்யா.)

2013 டிசம்பரில் 24 டிஜிட்டல் சேனல்களுக்கு ஏலம் நடந்தது. ஸ்டைனர் கணக்குப்படி இனிமேல் பன்மை பெருகியிருக்க வேண்டும். ஆனால் அந்த எளிய கணக்கில் செலவு சேர்க்கப்படவில்லை. எண்பது பேர் பார்த்தாலும் இருபது பேர் பார்த்தாலும் படப்பிடிப்புச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்; அதோடு ஏலத் தவணையும் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து விளம்பரப் பணம் கைபேசிப் பக்கம் நகரத் தொடங்கியது. 2015இல் இரண்டு சேனல்கள் மூடப்பட்டன. 2019இல் ஏழு சேனல்கள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தன. தப்பியவை 15. பணமுடையில் இருப்பவர் புதுக்கதையில் கை வைப்பாரா?

ஆகவே மாற்றம் வந்தபோது சூத்திரத்துக்கு உள்ளிருந்தே வந்தது. 2018இல் சேனல் 3 ஒளிபரப்பிய 'புப்பே சன்னிவாத்' அதற்கு நல்ல சான்று. இக்காலப் பெண் ஒருத்தியின் உயிர், நாராய் மன்னர் காலத்தில் தலைநகரமாக இருந்த அயுத்தயாவில் வாழ்ந்த ஒரு வில்லியின் உடலில் புகுந்துவிடுகிறது. நாயகியும் வில்லியும் ஒரே உடம்பில்! பழைய சரக்கை இதைவிடச் சாமர்த்தியமாகப் புரட்டிப் போட முடியாது. நாடெங்குமிருந்து மக்கள் மரபு உடை உடுத்திக்கொண்டு அயுத்தயாவின் இடிபாடுகளுக்குப் படையெடுத்தார்கள்.

வேறொரு வாசலை இளைஞர்கள் இணையத்தில் திறந்தார்கள். ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் தொடர்கள் 2014 முதல் வரத் தொடங்கின. வெளிநாட்டு ரசிகர்களும் சேர்ந்ததால், சிதறிக் கிடந்த அந்த 'இருபது பேர்' ஒரு பெருங்கூட்டம் ஆனார்கள். 2016இல் பொறியியல் மாணவர்களை வைத்து எடுத்த 'சோட்டஸ்' பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு வந்த தொடர்களில், நாயகர்கள் வரிசையாகப் பொறியியல் கல்லூரியிலேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.