சாமி மலையேறிய பிறகு

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு சுடலைமாடன் கதையின் உச்சத்தைத் தொடும்போது கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுபவருக்கு, உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். சாமி மலையேறியதும் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். மறுநாள் விடியுமுன் வழக்கம்போல ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். இது நோயா?

உளவியல் நெடுங்காலம் இந்தக் கேள்வியை ஒழுங்காகத் தொடவில்லை. ஃப்ராய்ட் மதத்தையே ஒருவகை மனக்கோளாறாகப் பார்த்தார். வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்ந்த நடத்தையியலாருக்கோ அளக்க முடியாதது கணக்கில் வராது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் வேறு மாதிரி. 1902-ல் வந்த தன் நூலில், இப்படிப்பட்ட அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சொல்லில் அடங்காது, எதையோ அறிந்துகொண்ட உறுதி தரும், நெடுநேரம் நிற்காது, நம் வசத்தில் இராது. எங்கள் கோமரத்தாடி மூன்றுக்குத் தலையாட்டுவார். அறிந்துகொண்டதைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்பார். ஆக, எல்லாப் பரவசமும் ஒரே சரக்கல்ல. அந்த நூலில் ஜேம்ஸ் மேற்கோள் காட்டியவர்களில் விவேகானந்தரும் ஒருவர். 1892 டிசம்பரில் நம் குமரிப் பாறையில் தியானம் செய்த அதே விவேகானந்தர்.

அப்புறம் மாஸ்லோ. மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டியவர். நன்றாக வாழ்கிறவர்களை ஆராய்ந்தபோது, 'நான்' கரைந்துபோன நொடிகளைப் பலர் சொன்னார்கள். உச்சிப்படி என்று தான் வைத்ததற்கும் மேலே ஒரு படி இருக்கிறது என்று கடைசிக் காலத்தில் நினைத்தார். அவருடைய கூட்டாளி ஆன்டனி சூட்டிச்; மூட்டுவாதம் முடக்கிப்போட, படுத்தபடியே ஆலோசனையும் பத்திரிகை வேலையும் பார்த்தவர். இவர்கள், மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் க்ரோஃப் முதலானோர் சேர்ந்து, இப்படிப்பட்ட அனுபவங்களை ஆராயும் உளவியல் பிரிவுக்கு வைத்த பெயர்தான் 'டிரான்ஸ்பர்சனல்', அதாவது தன்னைக் கடந்தது. 1969-ல் இதழும் வந்தது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது, நியாயமும் இருந்தது: ஆதாரம் குறைவு, ஆன்மிகப் பூச்சு அதிகம். உள்ளிருந்தே கென் வில்பர் எச்சரித்தார்: 'நான்' இன்னும் உருவாகாத குழந்தை நிலையையும், 'நான்' உருவாகி அதைக் கடந்த நிலையையும் குழப்பாதீர்கள்.

1994-ல் அமெரிக்க மனநலக் கையேடு, 'மதம் அல்லது ஆன்மிகம் சார்ந்த சிக்கல்' என்பதை மனநோயாக அல்லாமல், மருத்துவர் கவனிக்கவேண்டிய விஷயமாகச் சேர்த்தது. இதற்கு முயன்றவர்கள் இந்தத் துறையினர்தான். சரி, சாமி வாரக்கணக்கில் மலையேறாமல், உறக்கமும் சாப்பாடும் கெட்டு, வேலைக்கும் போக முடியாமல் ஆனால்? அப்போது ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.