முனைவுறுதல்: ஈஸ்ட்டுக்குத் ‘துருவம்’ ஏன் பொருந்தாது?

செல் தன் ஒரு பக்கத்தை மற்றப் பக்கங்களிலிருந்து வேறுபடுத்திக்கொள்வதே ‘செல் போலாரிட்டி’. அதைத் ‘துருவத்தன்மை’ என்று எழுதும் வழக்கம் உண்டு. போலாரிட்டியின் வேர் கிரேக்கப் ‘போலோஸ்’. அச்சு என்று பொருள். ‘துருவம்’ வடசொல்; பெயராமல் நிற்பது. விண்மீனுக்குச் சரி. ஈஸ்ட்டோ அரும்புவிட்டு, அதாவது தன்மேல் மொட்டுபோல் புதுச் செல்லை வளர்த்துப் பெருகுவது. அரும்பு முளைக்கும் அந்த முனை ஒவ்வொரு அரும்புக்கும் இடம் மாறும்.

சுமார் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல் அது. அரும்புவிடும் வேளையில் சிடிசி42 என்ற புரதம் சவ்வில் ஓரிடத்தில் குவிகிறது. செயல்படத் தொடங்கிய சிடிசி42, சாரம்போல் தாங்கும் பெம்1-ஐ அங்கே வரவைக்கிறது. பெம்1-உடன் சிடிசி24 வருகிறது. அது பக்கத்திலுள்ள சிடிசி42-களையும் முடுக்கிவிடுகிறது. பணம் பணத்தோடு சேரும் கதைதான். சேர்ந்த இடத்திலேயே மேலும் சேர்வதால் கடைசியில் ஒரே முனை மிஞ்சும். முனை எங்கே அமைய வேண்டும் என்று பழைய அரும்புத் தழும்பிலிருந்து வரும் செய்தியை ஆர்எஸ்ஆர்1 என்ற புரதம் சொல்லும். அதை நீக்கினாலும் செல் அரும்பாமல் இருப்பதில்லை, இடம் மட்டும் தாறுமாறாகும்.

தேர்ந்த முனையைக் காப்பது அடுத்த வேலை. பிஎன்ஐ1 என்ற புரதம், ஆக்டின் என்ற இழைப் புரதத்தால் வடங்களை இழைக்க, அவற்றின் மேல் மையோசின் என்ற இயக்கப் புரதம் சரக்குப் பைகளை அரும்புக்குள் இழுத்துச் செல்லும். தாய்ச்செல்லும் அரும்பும் சேரும் கழுத்தில் செப்டின் என்ற புரதங்களாலான வளையம் வேலியாக நிற்கும்.

இது செல் செய்கிற வினை. ‘முனை’ என்றால் நுனி. ‘முனைதல்’ என்றால் ஒன்றில் முயன்று இறங்குதல். இரண்டுமே இங்கே பொருந்துகின்றன. ‘முனைவுள்ள கரைப்பான்’ என்று வேதியியலில் ஏற்கெனவே புழக்கமும் உண்டு. எனவே நிகழ்வுக்கு ‘முனைவுறுதல்’, நிலைக்கு ‘முனைவு’, குலைந்தால் ‘முனைவிழப்பு’. பூமிக்கும் காந்தத்துக்கும் துருவமே இருக்கட்டும்.

முனைவிழப்பைக் காண, சிடிசி24 மரபணு மாறியதால் வெப்பம் தாங்காத ஈஸ்ட் திரிபு உதவும். 25 டிகிரியில் ஒழுங்காக அரும்பும். 37-இல் அரும்பின்றி உருண்டு பருக்கும், உள்ளே உட்கரு மட்டும் பெருகும். கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும் வேலூரில் இதை மேசைமேல் வைத்தால் சோதனை தொடங்குமுன்பே முனைவு போய்விடும். சூடேற்ற மட்டுமே தெரிந்த இன்குபேட்டரும் உதவாது. குளிரூட்டும் பிஓடி இன்குபேட்டர் வேண்டும். 37-க்கு மாற்றியதும் இயல்பான செல்லிலும் ஆக்டின் சற்று நேரம் சிதறி, பிறகே சீராகும்; ஒப்பீட்டுக்கு அதையும் சேர்த்து வளர்க்காவிட்டால் திரிபின் குறை எது, சூட்டின் விளைவு எது என்று பிரிக்க முடியாது. செல்களை மையவிலக்கியில் சுழற்றிப் படியவைப்பதும் ஆக்டினைக் கலைக்கும். ஆகவே செல்களை இருந்தபடியே நிலைநிறுத்தும் ஃபார்மால்டிஹைடை முதலிலேயே வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றி (இறுதிச் செறிவு சுமார் 4 சதவீதம்), பிறகு சுழற்றுங்கள்.