லாக் வரியில் என்ன இருக்க வேண்டும்?

நான் பராமரித்து வந்த ஓர் இணைய விற்பனைத் தளத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வாடிக்கையாளர்கள் சிலருடைய வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகவில்லை. மூன்று சர்வர்களிலும் லாக் கோப்புகள், அதாவது நிரல் தான் செய்வதை வரிவரியாகக் குறித்து வைக்கும் பதிவுகள், நிறைந்து கிடந்தன. ஆனால் அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது "பேமெண்ட் தோல்வி" என்ற ஒரே வரிதான். யாருடைய பேமெண்ட், எந்த ஆர்டர், வங்கி என்ன பதில் அனுப்பியது என்பது எதுவும் அதில் இல்லை. போதாததற்கு இரண்டு சர்வர்கள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்திலும் ஒன்று இந்திய நேரத்திலும் எழுதிக்கொண்டிருந்ததால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியும் கழித்தும் வரிகளைப் பொருத்திப் பார்ப்பதிலேயே பொழுது விடிந்துவிட்டது. பணம் போனவர்கள் அந்த இரவு முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த வரியை எழுதியவரை அலட்சியக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். நிரலை எழுதும் நேரத்தில் எல்லா விவரமும் மனத்தில் இருப்பதால் இரண்டு சொல்லே போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து நடு இரவில் அதைத் தேடிப் படிப்பவருக்கு அந்த விவரங்களில் ஒன்றுகூடத் தெரியாது.

ஆகவே நிகழ்வை வாக்கியமாக எழுதாமல், பெயரும் மதிப்புமாகப் பிரித்து, பெரும்பாலும் ஜேசன் என்ற தரவு வடிவில், நிகழ்வுக்கு ஒரு வரி என எழுதுகிறோம். பேமெண்ட் தோல்வி என்ற நிகழ்வுப் பெயர் எப்போதும் மாறாமல் இருக்கும். ஆர்டர் எண், வங்கி தந்த பிழைக் குறியீடு, எத்தனையாவது முயற்சி, எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று, யுடிசியில் நேரம் ஆகியவை தனித்தனிப் புலங்களாக நிற்கும். பைத்தானில் ஸ்ட்ரக்ட்லாக், நோடில் பினோ, பிஎச்பியில் மோனோலாக் என்று இதற்கான நூலகங்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன.

இவற்றோடு, எதை விட்டாலும் விடக்கூடாதது ஒன்று உண்டு: கோரிக்கை எண். ஒரு கோரிக்கை, அதாவது உலாவியோ செயலியோ அனுப்பும் ஒரு வேண்டுகோள், சர்வருக்குள் நுழையும் இடத்திலேயே அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்து, அந்தக் கோரிக்கை தொடர்பான ஒவ்வொரு லாக் வரியிலும் அந்த எண் தானாகவே ஒட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். வேறு சர்வீஸை அழைக்கும்போதும் அது கூடவே போக வேண்டும். இதற்கென்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020இல் பரிந்துரையாக்கிய ட்ரேஸ்பேரன்ட் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு சேர்ந்து போகும் தலைப்புக் குறிப்பில்) 32 எழுத்து நீளமுள்ள பதினறும எண் ஒன்று இடம்பெறுகிறது. பெரும்பாலான குழுக்களில் இந்த இழை அறுபடும் இடம், பிறகு செய்ய வேண்டிய வேலைகள் வரிசையில் காத்திருக்கும் க்யூ. பின்னணியில் ஓடும் வேலைக்குள் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்ப மறந்துவிடுகிறோம். எங்களுக்கும் அங்கேதான் அறுந்திருந்தது.

மறுநாள் காரணம் தெரிந்தது. வங்கி பணத்தைப் பிடித்துக்கொண்டது. பதில் வரத் தாமதமானதால் எழுந்த டைம்அவுட் பிழையை, பிழைகளைக் கையாளும் நிரல் பகுதியான ஒரு கேட்ச் பிளாக் பிடித்து, வெறும் தோல்வியாக மாற்றிவிட்டது. நிலை தெரியவில்லை என்பதும் தோற்றுவிட்டது என்பதும் வேறு வேறு என்பதை அந்த நிரல் அறிந்திருக்கவில்லை. பிழையின் செய்தியை மட்டும் லாகில் எழுதாமல், ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எழுந்த இடம்வரை நிரல் வந்த வழியின் பட்டியல்) உட்பட முழுப் பிழையையும் சென்ட்ரி போன்ற கண்காணிப்புக் கருவிக்கு அனுப்பியிருந்தால், ஒரே இடத்தில் எழுந்த பிழைகளை அது ஒரே குழுவாகச் சேர்த்து, நிரலின் எந்த வெளியீட்டிலிருந்து தொடங்கியது என்பதையும் சேர்த்தே காட்டியிருக்கும்.

விவரம் வேண்டும் என்பதற்காகக் கோரிக்கையின் உடல் முழுவதையும் லாகில் கொட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். இது விவரம் இல்லாததைவிடப் பெரிய ஆபத்து. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம், ஹாஷ் ஆவதற்கு (மீட்டெடுக்க முடியாத குறியீடாக மாற்றப்படுவதற்கு) முன்பே கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவந்ததைக் கண்டறிந்து, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தவறுதலாக எழுதிய ஓடிபியும் அட்டை எண்ணும் அத்தனை நாளும் அங்கேயே இருக்கும். எதை மறைப்பது என்று பட்டியலிடுவதைவிட, எதை எழுதலாம் என்று பட்டியலிட்டு மற்ற எல்லாவற்றையும் தடுப்பதே நான் நம்பும் முறை. இதே கட்டுப்பாடு பிழைக் கண்காணிப்புக் கருவிக்கும் வேண்டும். ஸ்டாக் ட்ரேஸோடு அந்த நேரத்து மாறிகளின் மதிப்புகளும் சேர்ந்து போகக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.